கூப்பிடாத பந்தி

அடுத்தவர் முகம் சுண்டிப்போவதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியாது. இதை நல்ல குணம் என்று சொல்ல வரவில்லை. பெரிய தொல்லை. கிழக்கேகோட்டையிலிருந்து கரமனைக்கு வருகிற பஸ்ஸில் கண்டக்டர் யாரையாவது சத்தம் போட்டால், வாங்கிக்கட்டிக்கொண்டவர் அடுத்த நிமிஷமே மறந்துவிட்டு போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார். எனக்குத்தான் காது சூடாகிவிடும். வீடு வந்து சேர்ந்த பிறகும் சோறு இறங்காது. பஸ்ஸில் மற்றவர்கள் ஜன்னல் வழியாக வெளியே பார்ப்பார்கள். அவர்களுக்கும் உள்ளே ஏதோ ஆகிறது, அதனால்தான் வெளியே பார்க்கிறார்கள். நான் வெளியே பார்ப்பதில்லை. வாயைத் திறந்துவிடுவேன். "உனக்கு மத்தவன் அடி வாங்கினா முதுகு வீங்கும்" என்பார் என் வீட்டுக்காரர்.

இந்தக் குணத்தோடுதான் அக்கா மகன் கல்யாணத்தில் போய் உட்கார்ந்தேன்.

அக்கா திருநெல்வேலிப் பக்கம் ஒரு சின்ன ஊரில் வாழ்க்கைப்பட்டவள். நான் கல்யாணமாகித் திருவனந்தபுரம் வந்து, கரமனையில் ஜாக்கெட் தைக்கிற கடை வைத்திருக்கிறேன். அக்கா மகனுக்குக் கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. அங்கேயே வேலை பார்க்கிற ஒரு மலையாளப் பெண்ணை அவனுக்குப் பிடித்துப்போயிற்று. பெண்ணுக்கு ஊர் வித்துரா, பொன்முடி போகிற வழியில் இருக்கிறது. அவள் அப்பாவுக்கு அங்கே கடைத்தெருவில் நோட்டு, பேனா, பள்ளிக்கூடப் பை விற்கிற கடை. ஒரே மகள்.

அக்கா முதலில் மாட்டேன் என்றாள். பிறகு யாரோடும் பேசாமல் இருந்தாள். பிறகு, "நீ அங்கனதான இருக்க, நீயே போய்ப் பாத்துச் சொல்லு" என்று என் தலையில் கட்டினாள். வித்துராவுக்குப் போய்ப் பார்த்தேன். பெண்ணின் அம்மா கப்பைக்கிழங்கு அவித்துக் காந்தாரி மிளகாய் அரைத்து வைத்தாள். ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நின்றாள். அப்பா சினிமாத் தமிழ் பேசினார். எனக்குப் பிடித்திருந்தது. "நல்ல சனங்க, பயப்படாத" என்று அக்காவிடம் சொன்னேன். ஆக, அந்தக் கல்யாணத்தில் என்ன குறை வந்தாலும் அது என் வாசலில்தான் வந்து நிற்கும்.

கல்யாணம் நகரத்தில் ஒரு மண்டபத்தில். மாடியில் முகூர்த்தம், கீழே சாப்பாடு. எங்கள் ஆட்கள் விடியுமுன் கிளம்பி, நாகர்கோவிலில் இட்லி தின்றுவிட்டு, இரண்டு வேனில் வந்து இறங்கினார்கள். வாசலில் பெண் பிள்ளைகள் தட்டில் விளக்கு ஏந்தி வரிசையாக நின்றார்கள். பன்னீர் தெளித்து, பூக் கொடுத்து, மாடிக்கு அழைத்துப்போய் முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். அதுவரை ஒரு குறையும் சொல்ல முடியாது.

இங்கே தாலி கட்டுவது சீக்கிரம் முடிந்துவிடும். எங்கள் பக்கத்தில் ஓமப்புகையில் கண் எரிந்து, இன்னும் எவ்வளவு நேரம் என்று நாலு பேர் கேட்ட பிறகுதான் கெட்டிமேளம். இங்கே மணமக்கள் மேடைக்கு வந்தார்கள், உட்கார்ந்தார்கள், நாதஸ்வரம் உச்சத்துக்குப் போயிற்று, முடிந்தது. அக்கா கையிலிருந்த பூவை மகன் தலைமேல் போட்டுவிட்டு, சபையைத் திரும்பிப் பார்த்தாள். பெற்றவளுக்கு அந்த ஆசை இருக்காதா. எல்லோரும் நம் பிள்ளையைப் பார்க்கிறார்களா என்று பார்த்தாள்.

பின்பக்கம் பாதி நாற்காலிகள் காலி. மீதிப் பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு படி இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

கீழே சாப்பாட்டுக் கூடத்தின் கதவுக்குப் போகிறார்கள். இந்த ஊரில் அது தப்பே இல்லை. கதவு திறக்குமுன் போய் நெருக்கிக்கொண்டு நிற்பார்கள். திறந்ததும் உள்ளே பாய்ந்து நாற்காலியைப் பிடிப்பார்கள். பாங்க் மேனேஜரும் பாய்வார், அவர் மனைவியும் பட்டுப்புடவையைத் தூக்கிக்கொண்டு பாய்வாள். யாரும் யாரையும் சாப்பிடக் கூப்பிடுவதில்லை. கல்யாணத்துக்கு வா என்று ஒருமுறை கூப்பிட்டாயிற்று, சோறு அதில் சேர்ந்ததுதானே என்பார்கள். அன்றைக்கு வித்துராக்காரர்களுக்கு அவசரமும் இருந்தது. மலை ஏறுகிற பஸ்ஸை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார்கள். மாலையில் அந்த மண்டபத்தில் வேறு யாருக்கோ வரவேற்பு.

எங்கள் வழக்கம் தலைகீழ். மாப்பிள்ளை வீட்டார் தாங்களாக எழுந்து பந்திக்குப் போனால் அதைவிடக் கேவலம் கிடையாது. பெண்ணின் அப்பா வந்து மாப்பிள்ளையின் அப்பா கையைப் பிடித்துக் கூப்பிட வேண்டும். பெண்ணின் அம்மா வந்து மாப்பிள்ளையின் அம்மாவைக் கூப்பிட வேண்டும். கூப்பிடாமல் உட்கார்ந்தவனைச் சோத்துக்கு வந்தவன் என்பார்கள்.

ஆகவே எங்கள் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

முதலில் சிரிப்பும் பேச்சுமாகத்தான் இருந்தது. அத்தான், அதாவது அக்காவின் கணவர், சர்க்கரை வியாதிக்காரர். அவர்தான் முதலில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவருடைய அக்கா, என் அக்காவுக்கு நாத்தனார், பக்கத்தில் இருந்தாள். குடும்பத்தில் யாருக்கு எங்கே மரியாதை குறைந்தது என்பதை எல்லோரையும்விட முதலில் கண்டுபிடிக்கிறவள். அவள் வளையலைத் திருகிக்கொண்டு, மேடையில் போட்டோவுக்கு நிற்கிற பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்க்காத மாதிரி பார்த்தாள்.

"பொண்ணப் பெத்தவன் ஒரு சொல்லு வாங்கன்னு சொல்லுதானா பாரு" என்றாள்.

அக்கா முகம் இறுகிற்று. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த இறுக்கம் நாத்தனார் முகத்திலிருந்து அக்கா முகத்துக்கு வந்தது. அங்கிருந்து அத்தானுக்கு. பிறகு பின்வரிசைக்கு. அதுவரை போனில் படம் எடுத்துக்கொண்டிருந்த இளசுகள் போனை மடியில் வைத்தார்கள். ஓடி விளையாடிய பிள்ளைகள்கூடப் பெரியவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தன. வரிசை முழுக்க ஒரே முகமாயிற்று. கீழிருந்து சாம்பார் வாசனை வந்தது. அப்பளம் பொரிகிற வாசனை வந்தது. வாசனை வர வர முகம் இன்னும் கறுத்தது.

எனக்குத் தெரியாதா, இந்த ஊர் வழக்கம்? எத்தனை கல்யாணத்தில் நானே முழங்கையால் இடித்து இடம் பிடித்திருக்கிறேன். எழுந்து, "அக்கா, இங்கன யாரும் கூப்பிட மாட்டாங்க, வா போவோம்" என்று சொல்லியிருந்தால் தீர்ந்தது. ஆனால் அந்த வரிசையில், அந்த முகங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தபோது எனக்குத் தெரிந்தது எல்லாம் போய்விட்டது. என்னையும் கூப்பிடவில்லை என்றுதான் பட்டது. அக்கா கண்ணில் தண்ணீர் நிற்பதைப் பார்த்ததும், வித்துராவில் எனக்குக் கப்பை போட்ட அந்தச் சிரித்த முகத்தின்மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

மேடை ஓரத்தில் பெண் வீட்டுப் பிள்ளைகள் சில பேர் எங்களைப் பார்த்துப் பார்த்து ஏதோ குசுகுசுத்தார்கள். ஒருத்தி அவசரமாகப் படி இறங்கிப் போனாள். எங்களைக் கேலி செய்கிறார்கள் என்றே நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் மாடிப்படி ஏறி வந்தார். கரமனையில் பிறந்து வளர்ந்த மனிதர். வீட்டில் தமிழ், மற்றதெல்லாம் மலையாளம். தாலி ஏறினதும் காணாமல் போனவர், துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். முதல் பந்தியிலேயே சாப்பிட்டிருக்கிறார்.

"போளி நல்ல மயம், பஞ்சு போல, பால்பாயசத்துல பிசைஞ்சு அடிச்சா கேட்டியா" என்றார் என்னிடம். பிறகு வரிசையைப் பார்த்தார். "நீங்க யாரும் போவல்லியா?"

நாத்தனார் அவரைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

அதோடு விட்டாரா. கூட்டம் பயங்கரம், ஆனால் ஜன்னலோரம் ஒரு வரிசை முழுக்க இலை போட்டுக் காலியாகக் கிடக்கிறது, யாரையும் உட்கார விடமாட்டேன் என்கிறார்கள், மந்திரி யாராவது வருவார் போலிருக்கிறது என்றும் சொன்னார்.

"கேட்டியா?" என்றாள் நாத்தனார் அக்காவிடம். "பெரிய மனுசங்களுக்கு எடம் போட்டு வச்சிருக்காவ. நமக்குத்தான் இல்ல."

அக்கா மெதுவாக என் பக்கம் திரும்பினாள். "ஏட்டி, வேன்காரன எடுக்கச் சொல்லு. போற வழியில பாறசாலையில ஏதாவது சாப்பிட்டுக்கிடுவோம். பொண்ண மட்டும் கூட்டிட்டுப் போவோம்."

அவள் கத்தியிருந்தால் எனக்குப் பயம் வந்திருக்காது. சாதாரணமாகச் சொன்னாள். அந்தப் பெண் அன்று மாலையே எங்கள் வேனில் ஏறித் திருநெல்வேலிக்குப் போக வேண்டும். மாமியார் அந்த மண்டபத்தில் கை நனைக்காமல் கிளம்பினால், வேனில் அவள் பக்கத்தில்தான் அந்தப் பெண் உட்கார்ந்து போக வேண்டும். அன்றோடு முடிகிற விஷயமா இது? தீபாவளிக்குச் சொல்லிக்காட்டுவார்கள். வளைகாப்புக்குச் சொல்லிக்காட்டுவார்கள். எங்கள் குடும்பத்தில் இப்படி ஒரு கல்யாணத்தில் சாப்பிடாமல் எழுந்து போன ஒருத்தி, செத்த வீட்டுக்குக்கூடப் போகாமல் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டுக்கு வாழ வந்த பெண் என்ன பாடுபட்டாள் என்பதையும் பார்த்திருக்கிறேன்.

வேன்காரனிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்று எழுந்தேன். உண்மையில் கீழே போய், எந்த மந்திரிக்கு இலை போட்டிருக்கிறாய் என்று பெண்ணின் அப்பாவைக் கேட்கத்தான் போனேன். படி இறங்கும்போதே மனதுக்குள் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு போனேன். மலையாளத்தில் திட்டுவதா தமிழில் திட்டுவதா என்றுகூட யோசித்தேன்.

கூடத்துக்குள் இரண்டாம் பந்தி நடந்துகொண்டிருந்தது. சாப்பிடுகிற ஒவ்வொருவர் முதுகுக்குப் பின்னாலும் அடுத்த பந்திக்கு ஒருவர் நின்றார். வாளி தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள், ரசம், பிரதமன் என்று கூவுகிறவர்கள். ஜன்னலோரம் அந்த வரிசை. வீட்டுக்காரர் சொன்னது நிஜம். நீள மேஜை முழுக்க இலை. இலை ஓரத்தில் இஞ்சிக்கறி, நார்த்தங்காய், உப்பேரி, சர்க்கரை வரட்டி, ஒரு பழம். எல்லாம் வைத்து நேரமாகிவிட்டது தெரிந்தது. இலை ஓரம் சுருண்டு, ஈ மொய்த்தது.

அந்த மேஜைக்கு முன்னால் பெண்ணின் அப்பா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். பட்டு வேட்டி, சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. ஒரு கையில் வாழையிலைக் கிழிசல், ஈ ஓட்ட. அவரைச் சுற்றி அவருடைய சொந்தக்காரர்கள். பஸ் போய்விடும், பிள்ளைகளுக்குப் பசிக்கிறது, யாரும் வராத இடத்தை எதற்குப் பிடித்து வைத்திருக்கிறாய் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் நாற்காலியை இழுத்து உட்காரப் போனார். இவர் அந்த நாற்காலியை வெடுக்கென்று உள்ளே தள்ளினார்.

"அண்ணன் மாறி நில்லு. இது மோளுடெ ஆளுகளுக்கு" என்றார். மகள் வீட்டு ஆட்களுக்காம்.

அந்தப் பெரியவர் அவருடைய கூடப்பிறந்த அண்ணன். பெண்ணுக்குப் பெரியப்பா. அத்தனை பேர் முன்னால் தம்பி நாற்காலியைப் பிடுங்கியதும் அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி மறுபடியும் தோளில் போட்டுக்கொண்டு சுவரோரம் போய் நின்றார். சுற்றி நின்றவர்கள் சட்டென்று பேச்சை நிறுத்திவிட்டு இலையைப் பார்த்தார்கள், மின்விசிறியைப் பார்த்தார்கள்.

நான் அடுக்கிக்கொண்டு வந்த வார்த்தை ஒன்றுகூட வாயில் வரவில்லை. என் காது சூடானது. இது வேறு சூடு. இந்த மனிதர் முதல் பந்தியிலிருந்து எங்களுக்காக இப்படிக் கையை விரித்துக்கொண்டு, தன் ஆட்களையே பகைத்துக்கொண்டு நிற்கிறார். மேலே நாங்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

என்னைப் பார்த்ததும் அவர் முகம் கோணிப்போயிற்று.

"சேச்சி, அவரு ஒண்ணும் இறங்கி வராத்தது எந்தா? ஒரு குட்டி வந்து சொன்னா, எல்லாரும் முகம் வீர்ப்பிச்சு இரிக்கான்னு. நான் என்ன குறை வச்சு? பொன்னு குறஞ்சு போச்சா? சொல்லு சேச்சி, நான் காலு பிடிக்கலாம்."

"நீங்க மேல போய்க் கூப்பிட்டீங்களா?" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. "எங்கோட்டு?"

"சாப்பிட. வாங்கன்னு போய்க் கூப்பிட்டீங்களா?"

"விளிக்கணுமா?" என்றார். நிஜமாகவே திகைத்துப்போனார். "சொந்தம் ஆளுகளெ ஆராவது விளிக்குமோ சேச்சி? அது அந்நியரெ அல்லே? இது அவருடெ வீடு. அவரு வருவாரு, இரிக்குவாரு, நான் விளம்பும். விளிச்சா அவருக்கு மோசமாயிரும்னு நான் நினச்சு."

அவர் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. எங்கள் ஆட்கள் கூப்பிடவில்லை என்று மேலே குமைகிறார்கள். கூப்பிட்டால் அந்நியராக்கிவிடுவோம் என்று இவர் கீழே நிற்கிறார். எனக்கு வந்த கோபத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை. அவர்மேலேயே காட்டினேன்.

"எங்க ஊருல கூப்பிடாட்டா நாய்னு அர்த்தம்" என்றேன். "போங்க மேல. அத்தான் கையப் பிடிச்சுக் கூப்பிடுங்க. அவரு அக்கா, அந்தக் குண்டு அம்மாவ, அதுக்கு முன்னால கூப்பிடுங்க. ஓடுங்க."

அவர் வரிசையைத் திரும்பிப் பார்த்தார். தான் நகர்ந்தால் அடுத்த நிமிஷம் அது போய்விடும் என்று அவருக்குத் தெரியும். இலைக் கிழிசலை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு நான் நின்றேன். ஒருத்தரையும் உட்கார விடமாட்டேன், போங்க என்றேன்.

அவர் போனார். வேட்டியை மடித்துக் கட்டியவர், படிக்குப் போனதும் அவிழ்த்துவிட்டுக்கொண்டு ஏறினார்.

அதன் பிறகு நான் பட்ட பாடு இருக்கிறதே. வித்துராக்காரர்களுக்கு நான் யாரென்றே தெரியாது. இந்தத் தமிழத்தி எங்கிருந்து வந்தாள் என்று ஒருத்தி என் காதுபடக் கேட்டாள். இங்கிருந்துதான் வந்தேன், உனக்கு முன்னாலேயே வந்தேன் என்று மலையாளத்தில் சொன்னேன். கைக்குழந்தையோடு ஒருத்தி கெஞ்சினாள். மனசு கேட்கவில்லை. ஆனாலும் நகரவில்லை. அந்தப் பெரியப்பா சுவரோரத்திலிருந்து மறுபடியும் வந்தார். கடைசி நாற்காலியில்தான் கை வைத்தார், ஓரமாக இருந்துகொள்கிறேன் என்கிற மாதிரி. நான் ஈ ஓட்டுகிற இலையை அவர் முகத்துக்கு நேரே நீட்டி, இங்கே இல்லை என்றேன். தம்பி சொன்ன பிறகும் வந்தவர் நான் சொன்னால் கேட்பாரா என்று நினைத்தேன். ஆனாலும் திரும்பிப் போய் அதே இடத்தில் நின்றார்.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. முதலில் நாத்தனார். பெண்ணின் அப்பா கையைக் கூப்பிக்கொண்டு ஒருச்சாய்ந்து, படிக்குப் படி அவளுக்கு வழி காட்டிக்கொண்டு வந்தார். அவள் முகத்தில் வெற்றி. பின்னால் அத்தான். அவர் பாவம், நேரே வந்து நாற்காலியில் உட்கார்ந்து பழத்தை உரித்து வாயில் போட்டுக்கொண்டார். பிறகு மற்றவர்கள். எல்லோர் முகமும் தளர்ந்திருந்தது. மேலே என்ன நடந்தது என்று பிறகு தெரிந்துகொண்டேன். அந்த மனிதர் நாத்தனார் முன்னால் போய் நின்று, தமிழில் பேச வேண்டும் என்று எத்தனித்து, ஒரு சொல்லும் வராமல் கையைக் கூப்பிக்கொண்டு அழுதுவிட்டாராம். முதலில் எழுந்தது அவள்தானாம். "அய்யோ சம்மந்தி, இது என்ன, நாங்க எந்திரிக்கத்தான் இருந்தோம்" என்றாளாம். நம்பினால் நம்புங்கள்.

அக்கா வரவில்லை.

"அவ எப்படி வருவா?" என்றாள் நாத்தனார், இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டே. "பொம்பள கூப்பிட வேண்டாமா?"

நான் பெண்ணின் அம்மாவைத் தேடிக்கொண்டு ஓடினேன். சமையல்கட்டை ஒட்டின சின்ன அறையில் இருந்தாள். தரையில் ஒரு பெரிய எவர்சில்வர் பாத்திரம். மூடியின்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே போளி. பரிமாறுகிறவர்கள் எல்லாவற்றையும் காலி செய்துவிடுவார்கள் என்று எங்களுக்காக எடுத்து மூடி வைத்துக் காவல் இருக்கிறாள். மகள் தாலி கட்டிக்கொண்டதை அரைகுறையாகப் பார்த்துவிட்டு இறங்கி வந்திருக்கிறாள். தலையில் வைத்த முல்லைப்பூ ஆவியில் வதங்கியிருந்தது.

விஷயத்தைச் சொன்னேன். அவள் பயந்துபோனாள்.

"எனக்குத் தமிழ் அறியில்ல சேச்சி."

"பேச வேண்டாம். கையப் பிடிச்சு இழுங்க. அது போதும்."

நான் கூடவே போனேன். மேலே அந்த நீள வரிசையில் அக்கா மட்டும் உட்கார்ந்திருந்தாள், சுற்றி எல்லாம் காலி நாற்காலி. மகனும் மருமகளும் மேடையிலிருந்து அவளைப் பார்த்துக்கொண்டே போட்டோக்காரனுக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண்ணின் சிரிப்பு ஒட்டவைத்த மாதிரி இருந்தது. அவளுக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது. மேடையை விட்டு இறங்க முடியவில்லை, அவ்வளவுதான்.

பெண்ணின் அம்மா அக்கா முன்னால் போய் நின்றாள். நான் சொன்னபடி கையைப் பிடித்தாள். கையில் நெய்யும் வெல்லமும் இருந்தது. பிடித்த பிறகுதான் அதைக் கவனித்தாள். பட்டுப்புடவையில் படுமே என்று சட்டென்று விட்டுவிட்டு, தன் முந்தானையால் அக்கா கையைத் துடைக்க ஆரம்பித்தாள். கூப்பிட வந்ததை மறந்துவிட்டாள். விரல் விரலாகத் துடைத்தாள்.

அக்கா அவள் தலையைப் பார்த்தாள். வதங்கிய பூவைப் பார்த்தாள். "நீங்க இன்னும் சாப்பிடலயா?" என்று கேட்டாள்.

நான் மொழிபெயர்க்க வாய் திறக்குமுன், அவள் இல்லை என்று தலையாட்டினாள். அக்கா எழுந்தாள். அவள் துடைத்துக்கொண்டிருந்த தன் கையாலேயே அவளை இழுத்துக்கொண்டு படி இறங்கினாள். யார் யாரைக் கூப்பிட வந்தது என்றே தெரியவில்லை.

கீழே வந்து இன்னொரு வழக்கு. பெண்ணைப் பெற்றவள், மற்ற எல்லோரும் சாப்பிட்ட பிறகுதான் சாப்பிட வேண்டும் என்பது இவர்கள் வழக்கம். அவள் உட்கார மாட்டேன் என்றாள். அக்கா இலையில் கை வைக்க மாட்டேன் என்றாள். பரிமாறுகிறவன் சோற்று வாளியோடு நடுவில் நின்றான். அந்த வரிசை மட்டுமில்லை, எதிர் வரிசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த வித்துராக்காரர்களும் கையை இலையில் வைத்தபடி பார்த்தார்கள். பத்து நிமிஷத்துக்கு முன் என்னைத் தமிழத்தி என்றவள்தான் எதிரிலிருந்து சொன்னாள், "இரி சேச்சி, அவரு ஸ்னேகம் கொண்டல்லே பறையுந்நது" என்று. பிரியத்தில்தானே சொல்கிறார்களாம். பெண்ணின் அம்மா உட்கார்ந்தாள். அக்கா அவள் இலையில் முதல் போளியை வைத்தாள். பிறகு தன் இலையில் பருப்பும் நெய்யும் விழுந்த சோற்றைப் பிசைந்து தானும் ஒரு வாய் வைத்தாள்.

அந்த ஒரு வாய் உள்ளே போனதும் எனக்கு வயிறு நிறைந்துவிட்டது. பொய் சொல்லவில்லை. காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை. ஆனால் பசி போய்விட்டது. பக்கத்தில் பெண்ணின் அப்பா நின்றிருந்தார். அவரும் அக்காவின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சை இவ்வளவு நேரமும் பிடித்து வைத்திருந்தவர் மாதிரி விட்டார்.

எங்கள் வரிசையில் சில இடம் மிச்சம் இருந்தது. நாத்தனார் மகனும் இரண்டு பையன்களும் கோபத்தில் வெளியே போய் எதிர் ஹோட்டலில் பரோட்டா தின்றுவிட்டார்கள். கைக்குழந்தைக்காரியைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். மற்ற இடங்களும் போயின. கடைசி நாற்காலி ஒன்று இருந்தது.

அந்தப் பெரியப்பா சுவரோரத்தில் நின்றார். வாங்க, இருங்க என்றேன். அவர் அசையவில்லை. நாற்காலியைப் பாய்ந்து பிடிக்கிற ஊர்க்காரர், இப்போது காலியாக இருக்கிற நாற்காலிக்கு வரமாட்டேன் என்று நிற்கிறார். எப்படி வருவார். தம்பி விரட்டியதையும் நான் விரட்டியதையும் ஊரே பார்த்தது. அந்த ஊர் இன்னும் அங்கேதான் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது.

"நான் வீட்டில் போய் உண்ணும்" என்றார். "எனக்கு விசப்பில்ல." பசி இல்லையாம்.

பெண்ணின் அப்பா அண்ணனைப் பார்க்கவே கூசிப்போய், சாம்பார் வாளியை வாங்கிக்கொண்டு வேறு பக்கம் போய்விட்டார். நான் போனேன். எனக்கு நயமாகப் பேச வராது. "விரட்டினது நான்தான். நானே வந்து கூப்பிடுதேன். வாங்க" என்று தமிழிலேயே சொல்லி, எல்லோரும் பார்க்கட்டும் என்று சத்தமாகச் சொல்லி, அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். கனத்த கை. அவர் கொஞ்ச நேரம் அதை என் பிடியில் அப்படியே தொங்கவிட்டிருந்தார். பிறகு கூட வந்தார்.

நாத்தனாருக்குப் பக்கத்து இடம். அவள் இலையை அரை அடி நகர்த்தி இடம் விட்டாள். அவர் உட்கார்ந்து துண்டை மடியில் விரித்துக்கொண்டார். இலையைப் பார்த்தார். விரல் நுனியால் இஞ்சிக்கறியைத் தொட்டுப் பார்த்தார்.

"இது உணங்கிப்போயல்லோ" என்றார் என்னை நிமிர்ந்து பார்த்து. காய்ந்துபோய்விட்டதாம்.

நான் பரிமாறுகிறவனைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டேன்.